ஈசிஜி எடுக்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

“ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்க” என்று டாக்டர் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வெளிறிவிடும். மீதிப் பேர் “அதெல்லாம் எதுக்கு சாரே, வெறும் வாய்வாக்கும்” என்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் 16 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பது, அதாவது இதயத்தின் மின்துடிப்பை மெஷின் வைத்துக் காகிதத்தில் கோடாக எடுப்பது, என் வேலை. டாக்டர் இல்லை, டெக்னீசியன். காகிதத்தைப் பார்த்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை, அதில் நான் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் அந்தக் காகிதம் ஒழுங்காக வருவதற்கு என்ன செய்ய வேண்டும், வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் என்னென்ன கூத்து அடிக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவசரக் கதை

நெஞ்சின் நடுவில் யாரோ அம்மியைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, இதெல்லாம் இருந்தால் இதை வாசிப்பதை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இஞ்சிச் சாறு, சோடா, ஓமத் தண்ணீர் எல்லாம் வரிசையாகக் குடித்துப் பார்த்து, ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். ஏப்பமும் வரும், வலியும் அப்படியே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும், பெண்களில் பலருக்கும், சொல்லும்படியான வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், காரணம் தெரியாத அசதி என்று மட்டும் வரலாம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் ஒரு அக்கா, “ரெண்டு நாளா படி ஏற முடியல, வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்து படுத்தார். காகிதம் வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது, அட்டாக் வந்து முடிந்திருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. பின்னால் உட்கார்ந்து வருவதும் வேண்டாம், வழியில் மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வந்து சேர்ந்ததும் சீட்டு போடும் வரிசையில் நிற்காதீர்கள். “நெஞ்சு வலி” என்ற இரண்டு சொல்லை முதலில் சத்தமாகச் சொல்லுங்கள், பேர், வயசு, ஊர் எல்லாம் அப்புறம். நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி.

எங்கே போவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஈசிஜி மெஷின் இருக்கிற இடம் எல்லாம் நெஞ்சு வலிக்குப் போகிற இடம் ஆகிவிடாது. லேப்பிலும் எடுப்பார்கள், எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வாங்கி வாட்ஸப்பில் துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்பி, மகன் அங்கே யாரோ நர்ஸுக்குக் காட்டி, அவர் டியூட்டி முடிந்து பதில் போட்டு, அதற்குள் மூன்று மணி நேரம் போய், அப்புறம் ஆட்டோ பிடித்து வருகிற குடும்பங்களை நான் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். காகிதத்தை அங்கேயே வாசிக்கிற டாக்டரும், வாசித்த கையோடு மருந்து கொடுக்கிற வசதியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நாகர்கோவிலைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பக்கம். பேச்சிப்பாறை மலையிலிருந்தோ கடலோரக் கிராமத்திலிருந்தோ வருகிறவர்கள் நேராகத் திருவனந்தபுரம் போய்விடலாம் என்று கிளம்பி மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டிக்கொள்வதைவிட, முதலில் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் ஏறிவிடுவது நல்லது. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டேட்டின் 8 என்று 14 மாத்திரைகள் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரை உள்ளே போய்விட்டால் ஆம்புலன்ஸில் போகிற நேரம் வெறுமனே வீணாகாது. டாக்டர் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். பிரஷர் சடாரென்று இறங்கி விழுந்துவிடுகிறவர்கள் உண்டு.

அவசரம் இல்லாத ஈசிஜிக்கு

ஆபரேஷனுக்கு முன் ஃபிட்னஸ், வெளிநாடு போக மெடிக்கல், சர்க்கரை பிரஷர் செக்கப், இடையிடையே படபடப்பு. இந்த மாதிரி வருகிறவர்கள் ஆற அமரத் தயாராகி வரலாம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையும் சேர்த்து இருந்தால் அதற்குத்தான் வெறும் வயிறு. வழக்கமாகப் போடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், என்ன மாத்திரை என்று சீட்டைக் கொண்டுவந்தால் போதும், ஏனென்றால் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும், சில மாத்திரைகள் கோட்டின் வடிவத்தையே மாற்றும்.

தேங்காய் எண்ணெய்தான் எனக்குப் பெரிய எதிரி. நம் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வெளியே கிளம்பினால் மரியாதை இல்லை என்று நினைக்கிற பாட்டாக்கள் இன்னும் இருக்கிறார்கள். நெஞ்சு பளபளவென்று மின்னும். எலக்ட்ரோடை, அதாவது ஒயர் முனையில் தோலில் படுகிற பகுதியை, வைத்தால் வழுக்கிக்கொண்டு விலாவுக்குப் போகும். ஸ்பிரிட் வைத்து இரண்டு தடவை துடைத்து எடுப்பதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் நெஞ்சிலும் கை காலிலும் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் சில இடத்தில் கொஞ்சம் மழிக்க வேண்டி வரும், கோபப்படாதீர்கள்.

முன்பக்கம் திறக்கிற உடுப்பு போட்டு வாருங்கள். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு முன்னால் பட்டன் உள்ள நைட்டியோ பிளவுஸோ. உள்ளாடையைக் கழற்ற வேண்டியிருக்கும், இடது மார்புக்குக் கீழேயும் எலக்ட்ரோடு வைக்க வேண்டும், அதனால் பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், அவ்வளவுதான். தாலியைக் கழற்ற வேண்டுமா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். வேண்டாம். எலக்ட்ரோடு மேல் படாமல் தோளுக்கு ஒதுக்கி விட்டாலே போதும். போனை மட்டும் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெட்டில் படுத்ததும்

“கரண்டு வைப்பீங்களா?” என்று கேட்காத நாள் கிடையாது. இல்லை. மெஷின் உங்கள் உடம்புக்குள் எதையும் அனுப்பவில்லை. உங்கள் இதயம்தான் கரண்டு உண்டாக்குகிறது, மெஷின் அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. இதயத்தின் வலது மேல்பக்கத்தில் சைனஸ் முனை என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கிருந்துதான் மின்துடிப்பு கிளம்பி மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் நின்று, அப்புறம் கீழறைகளுக்கு இறங்குகிறது. தோலுக்கு மேல் வந்து சேரும்போது அது ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத்தான் இருக்கும். டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரியில் 1500 மில்லிவோல்ட் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சன்னமான விஷயத்தைப் பிடிக்க நெதர்லாந்தில் லைடன் நகரத்து வில்லெம் ஐந்தோவன் செய்த முதல் மெஷின் 270 கிலோ இருந்தது, ஓட்ட ஐந்து பேர் வேண்டும். நோயாளி படுக்க மாட்டார், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் நிரம்பிய பாத்திரங்களுக்குள் விட்டுக்கொண்டிருப்பார். உப்புத்தண்ணீர்தான் அன்றைய எலக்ட்ரோடு. கடலுக்குப் போகிற குளச்சல்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நாங்க தெனமும் ஈசிஜியிலதான் நிக்கோம்” என்றார். ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல்தான் நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்பது சம்பந்தமில்லாத சேதி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பெட்டுக்கு வருவோம். கை காலில் நான்கு கிளிப், நெஞ்சில் ஆறு. மொத்தம் பத்து ஒயர், ஆனால் காகிதத்தில் வருவது பன்னிரண்டு கோடு. ஒரே இதயத்தைப் பன்னிரண்டு கோணத்திலிருந்து பார்ப்பது. கோவில் தேரை ஒருவர் முன்னாலிருந்தும் ஒருவர் மாடியிலிருந்தும் ஒருவர் பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பது மாதிரி. எந்தக் கோணத்தில் கோடு மாறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் இதயத்தின் முன்பக்கமா கீழ்ப்பக்கமா என்று டாக்டர் பிடிக்கிறார்.

வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. நான் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவசரத்தில் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாட்டிவிட்டேன். முதல் கோடு தலைகீழாக வந்து நின்றது, மெஷின் மேலே என்னவோ பெரிய வியாதிப் பெயரை அச்சடித்துத் தள்ளியது, அதை எட்டிப் பார்த்துவிட்ட, பெட்டில் படுத்திருந்தவரின் மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கையை மாத்திப் போட்டுட்டியா மக்களே?” என்றார். அன்றிலிருந்து மாட்டி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டு நிறம் சொல்லிப் பார்ப்பேன். நீங்களும் நிறத்தைப் பார்த்துவைத்துக்கொண்டால் தப்பில்லை, என்னை மாதிரி புதிதாக ஒருவர் இருக்கிற நாளாகவும் இருக்கலாம். சில ஊர்களில், சில மெஷின்களில் நிறம் வேறாக இருக்கும் என்பதால் சண்டைக்குப் போகாமல் கேட்டுப் பாருங்கள்.

நெஞ்சில் உறிஞ்சுகிற ரப்பர் பல்ப் வைத்தால் வட்டவட்டமாகச் சிவப்புத் தடம் விழும், சில மணி நேரத்தில் போய்விடும். ஜெல் சில்லென்று இருக்கும். அதற்கப்புறம் உங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான், சும்மா கிடப்பது. கையை இறுக்காதீர்கள், பேசாதீர்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், சாதாரணமாக விடுங்கள். ஏசியில் நடுங்கினால் சொல்லுங்கள், போர்வை தருவோம், நடுங்குகிற உடம்பில் எடுத்தால் கோடு முழுக்க முள் முளைத்த மாதிரி வரும். பதிவு 10 நொடி. உடுப்பைக் கழற்றுவது முதல் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுவது வரை ஐந்து பத்து நிமிடம்.

காகிதத்தில் என்ன பார்க்கலாம்

முதலில் உங்கள் பெயர், வயசு சரியா என்று பாருங்கள். அடுத்து தேதியும் மணியும். மெஷினின் உள்ளே இருக்கிற கடிகாரம் பல இடங்களில் தப்பாக ஓடும், 2019 என்று காட்டுகிற மெஷினை நானே வைத்திருந்தேன். தப்பாக இருந்தால் பேனாவால் திருத்தி எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், பிற்பாடு அதைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த ஒரு சொல் ரொம்ப உதவும்.

அப்புறம் கட்டங்கள். குட்டிக் கட்டம் ஒன்று 0.04 நொடி, ஐந்து குட்டி சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிற கணக்கு இது, ஓரத்தில் அப்படி அச்சடித்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சின்ன மேடு, ஒரு கூர்மையான கோபுரம், மறுபடி ஒரு வட்டமான மேடு இருக்கும். பி, க்யூஆர்எஸ், டி என்று பெயர், அதுவும் ஐந்தோவன் வைத்ததுதான். மேலறை சுருங்கக் கிளம்புவது பி, கீழறை கிளம்புவது க்யூஆர்எஸ், கீழறை அடுத்த துடிப்புக்கு மறுபடி தயாராவது டி.

துடிப்பு எண்ணிக்கை பார்ப்பது சுலபம். இரண்டு கோபுரத்துக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75, ஐந்து என்றால் 60. ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். நன்றாக உடம்பு உழைக்கிறவர்களுக்கு 50-க்குப் பக்கம் வந்து மெஷின் “சைனஸ் பிராடிகார்டியா”, அதாவது துடிப்பு மெதுவாக இருக்கிறது என்று அடித்துவிடும், மரம் ஏறுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், மயக்கமோ தளர்ச்சியோ இல்லாவிட்டால் அது பெரும்பாலும் வியாதியே இல்லை. கோபுரங்களுக்கு நடுவில் உள்ள தூரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கன்னாபின்னாவென்று இருந்து, முன்னால் அந்தச் சின்ன மேடும் காணவில்லை என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பதாக இருக்கலாம். இது தெரியாமல் பல வருடம் நடமாடுகிறவர்கள் உண்டு. மேலறையில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது, ஆனால் முதலில் இந்தக் காகிதம் வேண்டும்.

மேலே மெஷின் அச்சடிக்கிற வரிகளை வைத்து இரவெல்லாம் கூகுளில் தேடாதீர்கள். “நார்மல் சைனஸ் ரிதம்” என்றால் துடிப்பு கிளம்ப வேண்டிய இடத்தில் கிளம்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம், சைனஸ் என்றதும் மூக்குச் சைனஸ் என்று நினைத்து ஈஎன்டி டாக்டரிடம் போனவர் ஒருவர் உண்டு. “நான் ஸ்பெசிஃபிக் எஸ்டி டி சேஞ்சஸ்” என்றால் ஏதோ கொஞ்சம் மாறியிருக்கிறது, எதனால் என்று இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று அர்த்தம். மெஷின் சொல்வது ஒரு யூகம். டாக்டர் உங்களைப் பார்த்து, கேட்டு, தொட்டு, அப்புறம் காகிதத்தைப் பார்த்துச் சொல்வதுதான் ரிப்போர்ட்.

‘பிளாக்’ என்றால் அடைப்பு இல்லை

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். “ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்” என்று வந்திருக்கும். பிளாக் என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் ஒப்பாரி. எத்தனை சதவீதம் பிளாக், ஸ்டென்ட் வைக்கணுமா, காப்பீட்டுக் கார்டு எடுக்குமா என்று ஒரே அமளி. அந்த பிளாக்குக்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. வீட்டில் ஒரு அறையில் மட்டும் லைட் தாமதமாக எரிந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவீர்கள், குழாயில் தண்ணீர் வராவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். ஈசிஜியில் எழுதியிருக்கிற பிளாக் ஒயரிங் விஷயம். கீழறைகளுக்குப் போகிற இரண்டு கிளையில் வலது கிளையில் மின்துடிப்பு கொஞ்சம் தாமதமாகப் போகிறது என்பதுதான் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக், வேறு எந்தக் கோளாறும் இல்லாத ஆளுக்கும் அது இருக்கலாம். இடது கிளையில் என்றால் டாக்டர் கூடுதலாகப் பார்ப்பார், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார். மேலறையிலிருந்து கீழறைக்கு எதுவுமே இறங்கவில்லை என்றால் அது கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், நாடி 30, 40 என்று விழும், மயங்கி விழுவார்கள், துடிப்பைத் தூண்டுகிற பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டி வரும். அதுவும் எலக்ட்ரீசியன் வேலைதான்.

ரத்தக்குழாய் திடீரென்று முழுக்க அடைபட்டு அட்டாக் வந்தால் பெரும்பாலும் வேறு மாதிரி தெரியும். கோபுரத்துக்கும் டி மேட்டுக்கும் நடுவில் உள்ள எஸ்டி என்ற சமதளம் மேலே தூக்கிக்கொள்ளும். அதைப் பார்த்தால் கட்டியைக் கரைக்கிற ஊசியோ உடனே குழாய்க்குள் போய் அடைப்பைத் திறக்கிற ஆஞ்சியோபிளாஸ்டியோ. அட்டாக் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் என்பது பொதுவான கணக்கு, ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைக்கிற பலன் பின்னால் கிடைக்காது. இது தவிர நாள்பட்ட பிரஷரால் இதயச் சுவர் தடித்திருப்பது, பழைய அட்டாக்கின் தழும்பு, கிட்னி நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஏறிவிட்டதால் கூடாரம் மாதிரி உயர்ந்து நிற்கிற டி, பிறவியிலேயே இருக்கிற குறுக்குவழி ஒயர், இதெல்லாமும் இந்தக் காகிதத்தில் அடையாளம் காட்டும்.

நார்மல் என்றால் வீட்டுக்குப் போகலாமா

குலசேகரம் பக்கத்தில் விடியற்காலையில் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன ஒருவர், நாற்பது வயசுதான் இருக்கும், பத்து மரம் வெட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஒட்டுப்பால் பிசுபிசுப்போடு வந்தார், துடைத்தாலும் போகவில்லை. ஐந்தரை மணிக்கு எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தது. வலியும் குறைந்துவிட்டது. “பாத்தியளா, நான் சொன்னேம்லா, வாய்வாக்கும்” என்று சட்டையை எடுத்து மாட்டிவிட்டார். டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஆனால் விடவில்லை. சட்டையைக் கழற்றவைத்து இன்னொன்று, அதுவும் நார்மல். மூன்றாவது எடுத்தபோது மணி ஆறு பத்து. அவர் மறுபடி வியர்க்க ஆரம்பித்திருந்தார். நெஞ்சின் முன்பக்கக் கோடுகள், இரண்டாவது மூன்றாவது நான்காவது, காகிதம் ஓட ஓட என் கண் முன்னாலேயே மேலே தூக்கிக்கொண்டு வந்தன. ஊசி போட்டு அனுப்பினார்கள். இப்போதும் பால்வெட்டுகிறார்.

ஈசிஜி என்பது 10 நொடிப் படம். ரோட்டில் 10 நொடி நின்று பார்த்தபோது பஸ் வரவில்லை என்பதற்காக அந்த ரூட்டில் பஸ்ஸே இல்லை என்று சொல்ல முடியுமா? வலி இருந்தாலும், போய்ப் போய் வந்தாலும், பதினைந்து இருபது நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், கூடவே இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டுகிற ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், அதையும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். “திரும்பத் திரும்ப எடுத்துக் காசு பறிக்கிறான்” என்று முணுமுணுக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் டாக்டர் பக்கம்.

படபடப்பு விஷயம் இதைவிட மோசம். வீட்டில் படபடவென்று அடித்துவிட்டு, என் பெட்டில் படுக்கும்போது சமர்த்தாக ஓடும். படபடப்பு இருக்கும்போதே வந்து எடுப்பதுதான் முதல் வழி, ராத்திரி 11 மணி ஆனாலும் சரி. தினமும் வருகிறது ஆனால் பிடிபடவில்லை என்றால் ஹோல்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை 24 மணி நேரம் உடம்பில் மாட்டி அனுப்புவார்கள். நடந்தால், ஏறினால் மட்டும் வருகிற வலிக்கு டிரெட்மில்லில் ஓடவிட்டு எடுப்பார்கள், ஏனென்றால் குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும் சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி நார்மலாக இருக்கலாம். வால்வும் பம்ப் பலமும் பார்க்க எக்கோ. அடைப்பு எங்கே எவ்வளவு என்று பார்க்க ஆஞ்சியோ. கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் ஈசிஜி ஒரே ஒரு கோணம்தான் பார்க்கும், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறதா என்று காட்டிக்கொடுக்கலாம், அட்டாக்கைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

காகிதத்தைப் பத்திரப்படுத்துவது

பல மெஷின்களில் இது தெர்மல் காகிதம், மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து விழுகிறது. அதனால் வெயில் பட்டால், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தால், வருடக்கணக்கில் பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்தால் மங்கி வெறும் கட்டம் மட்டும் மிஞ்சும். வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ், நேராக மேலிருந்து பிடித்த ஒரு போட்டோ, இரண்டும் எடுத்துவிடுங்கள். என் மாமனாருக்கு எதையும் லேமினேஷன் செய்துவிட வேண்டும். ரேஷன் கார்டு, கரம் (நிலவரி) தீர்த்த ரசீது, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் பளபளப்பாக இருக்கும். அவருடைய முதல் ஈசிஜியை நானே எடுத்துக் கொடுத்தேன், பத்திரமாக வையுங்கள் மாமா என்று வேறு சொன்னேன். மறுநாள் கடையிலிருந்து கொண்டுவந்தார். சூட்டு உருளைக்குள் போனதில் காகிதம் முழுக்கக் கருங்கல் மாதிரி கறுத்துவிட்டது. “நல்லா ஒட்டியிருக்கான், ஆனா ஒண்ணும் தெரியல பாத்தியா” என்று அதையும் ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறார்.

பழைய காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், முட்டத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்ததைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர், அறுபதை நெருங்குகிற வயசு. வலை இழுத்த பிறகு நெஞ்சில் ஒரு பிடிப்பு. எடுத்துப் பார்த்தால் இடது கிளை பிளாக். நெஞ்சு வலியோடு இது புதிதாக வந்திருந்தால் அட்டாக்காக இருக்கலாம், பழையதாக இருந்தால் கதை வேறு, ஆனால் இந்த ஒரு காகிதத்தை மட்டும் பார்த்தால் புதிசா பழசா என்று தெரியாது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட எடுத்துவிட்டார். அப்போது அவர் மனைவி இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ரேஷன் கார்டு கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு ஜெராக்ஸை நீட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் கண் ஆபரேஷனுக்காக எடுத்தது. டாக்டர் இரண்டையும் மேஜையில் மேலும் கீழுமாக வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனார். அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தது. அப்படியும் அவரைப் படுக்கவைத்து ட்ரோபோனின் இரண்டு தடவை பார்த்து, திரும்ப ஈசிஜி எடுத்து, மறுநாள் எக்கோவுக்குச் சீட்டு எழுதித்தான் அனுப்பினார்கள். தசைப்பிடிப்பு என்று சொன்னார்கள். கிளம்பும்போது அந்த அக்கா பழைய காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கவருக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “இன்னைக்கு எடுத்ததையும் ஒரு ஜெராக்ஸ் போட்டுத் தா மக்கா, இது கிழிய ஆரம்பிச்சுட்டு” என்றார்.